எட்டு நிமிடச் சண்டை

"மிஷினை மாத்திடாதீங்க, அக்கா."

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் இதைச் சொன்னபோது சத்தக்காரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒன்பது வயதான தன் மடிக்கணினியைப் பற்றி அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு யோசனை சொல்லாதவர் யாருமில்லை. எல்லோரும் மாற்று, மாற்று என்றார்கள். வேண்டாம் என்றவள் இவள் ஒருத்திதான். அதிலும் கணினியைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவள்.

"ஏம்மா, அது மேல உனக்கென்ன அவ்வளவு பாசம்?"

"சும்மாதான் சொன்னேன்." அவள் ஈரச் சட்டையொன்றை இடக்கையால் உதறினாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. "அது நடு நடுவுல நின்னு போகுது இல்ல... அது நல்லாத்தான் இருக்கு."

"நின்னு போறது நல்லா இருக்கா? என் உயிரை வாங்குதும்மா அது!"

அந்தப் பெண் காலி வாளியை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள்.

சத்தக்காரி என்பது பட்டப்பெயர்; தொழிலால் வந்தது. திரைப்படச் சண்டையில் எந்த அடியும் விழுவதில்லை. முஷ்டி கன்னத்துக்கு நான்கு விரற்கடை அப்பால் போகிறது. அடிபட வேண்டியவன் நேரம் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு விழுகிறான். விழாத அந்த அடிகளை விழவைப்பதே அவள் வேலை. ஈரத் துண்டைச் சுருட்டித் தோல் சோபாவில் ஓங்கி அடித்தால் கன்னத்தில் அறை. முட்டைக்கோசில் கத்தியைச் செருகித் திருகினால் வயிற்றில் குத்து. முள்ளங்கியைத் துணிக்குள் வைத்து முறித்தால் கழுத்தெலும்பு. தர்பூசணியைத் தரையில் போட்டால் மண்டை. ஒலிப்பதிவுக் கூடமொன்றில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், அங்கே சத்தம் எழுப்புபவர் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு நாள் ஈரத் துண்டைக் கையில் எடுத்தாள். இருபத்து நான்கு ஆண்டுகளாகியும் அதைக் கீழே வைக்கவில்லை. ஒருவரையும் அதிர்ந்து பேசியறியாத அவள் கையால் இதுவரை பதினோராயிரம் பேராவது செத்திருப்பார்கள். சரக்குக் கப்பலில் பணிபுரியும் அவள் கணவர், "உன்கூட இருக்கிறதுக்குப் புயல்ல இருக்கிறது பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கப்பலேறுவார்.

ஒலிப்பதிவுக் கூடம் மூடப்பட்டபின், மூன்றாம் மாடியில் இருந்த வீட்டின் உள்ளறையையே அவள் வேலைக்கூடமாக்கிக்கொண்டாள். ஒவ்வோர் அடியையும் பதிவுசெய்து, கணினியில் படத்தின் அசைவோடு பொருத்தி, பிறகு இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளில் முழுச் சத்தத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். காதோடு ஒட்டிய கருவியில் கேட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, "அடியோட கனம் காதுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத்தான் தெரியும்" என்பாள்.

அதனால் வந்த வம்புகள் உண்டு. தொடக்கத்தில் இரண்டாம் மாடியிலிருந்து யாரோ கொலை நடப்பதாகக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். ஓடிவந்த இரண்டு காவலர்கள், கத்தியும் முட்டைக்கோசுமாக அவளைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டும் அதே கதை. அதன்பின் காவல் நிலையத்திலும் அவள் வீடு வேடிக்கையாகிவிட்டது. கட்டடத்தில் குடியிருந்தோர் பழகிப்போனார்கள். அலறல் கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வார்கள். கீழே வாசலில் அமரும் காவலாளி, அவள் காய்கறிப் பையோடு வரும்போதெல்லாம் எழுந்து நிற்பான்.

"இன்னைக்கு எத்தனை பேரும்மா?"

"பதினாலு பேர். ரெண்டு பேர் மாடியிலேர்ந்து விழறாங்க."

"பாத்துப் போடுங்கம்மா, கீழே நான்தான் உக்காந்திருக்கேன்."

ஒருமுறைகூடக் குறை சொல்லாதவர் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மட்டுமே. பதினான்கு மாதங்களுக்கு முன் மனைவியோடு குடிவந்தவர். இரண்டு தெரு தள்ளிக் கடை. நெற்றியில் விழும் மயிரை ஒதுக்கிக்கொண்டு மென்மையாகப் பேசுவார். தினமும் காலையில் கடைக்குப் புறப்படுமுன் அவள் கதவருகே ஒரு நிமிடம் நிற்பார்.

"அக்கா, இன்னைக்கு எத்தனை மணிக்கு வேலை?"

"மூணு மணிக்கு சார். ரொம்பத் தொந்தரவா?"

"சேச்சே. அவளுக்குத் தலைவலி வரும், அதான் கேட்டுக்கிறேன். அந்த நேரத்துக்கு நானும் சாப்பிட வந்துடுவேன்."

நான்கு நாட்களுக்கு முன் அவரும் கணினியைப் பற்றிப் பேசினார். "நல்லதா ஒண்ணு வாங்கிடுங்கக்கா. நின்னு நின்னு போனா வேலை செய்யறவங்களுக்கு எவ்வளவு எரிச்சல்!" என்றார். தன் தொழிலின் வேதனை புரிந்த மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கணினி நின்றுபோவது உண்மைதான். அவள் கையிலிருந்தது எட்டு நிமிடச் சண்டை. ஒரு கிடங்குக்குள் ஒருவன் பதினான்கு பேரை அடித்து நொறுக்குகிறான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள். முஷ்டி, எலும்பு, துணி, மூச்சு, தரை என்று ஒலிகளைத் தனித்தனி வரிசையாக அடுக்கினால் தொண்ணூறு வரிசைகள். கணினியோ நாற்பதைத் தாண்டியதும் திணறும். விசிறி ஊளையிடும். நாயகன் ஓங்கிய கையோடு திரையில் அப்படியே நிற்பான். பத்து விநாடி, சில வேளை இருபது விநாடி, அறை முழுக்க நிசப்தம். பிறகு தானாகவே அடி தொடரும். படத்தின் ஒலிக்கலவையைச் செய்பவர் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை காலைல முழுசும் வரணும் மேடம். முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பாக்கறேன். அந்தத் தாத்தா லேப்டாப்ப வெச்சிட்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

அவளுடைய தம்பி மடிக்கணினி பழுதுபார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை வந்து அதைக் கவிழ்த்துப் போட்டு, அடிமூடியைத் திறந்து, ஊதிப் பார்த்தான்.

"அக்கா, இதுக்குள்ள ஒரு போர்வை தைக்கிற அளவுக்குத் தூசி இருக்கு."

"கிண்டல் அப்புறம். புதுசு வாங்கணுமா, இதையே சரி பண்ணலாமா? அதைச் சொல்லு."

"மூளை நல்லாத்தான் இருக்கு. ஞாபகசக்திதான் பத்தல. ரேமை ரெண்டு மடங்காக்கி, இந்தச் சுத்துற டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு எஸ்.எஸ்.டி. வெச்சா, இன்னும் மூணு வருஷம் மாடு மாதிரி உழைக்கும். நிக்கவே நிக்காது."

"பழைய வேலையெல்லாம் அழிஞ்சிடாதே?"

"அழிஞ்சா உன் துண்டால என்னை அடி."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள். அவளுக்கு எதையும் உடனே முடிவு செய்யும் வழக்கமில்லை. எந்த ஒலிக்கோப்பு எங்கே இருக்கிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அந்தக் கணினியின் வயிற்றைக் கிழிப்பதற்குத் தயக்கமாகவும் இருந்தது. மறுநாள் காலையில்தான் அந்தப் பெண் மாடியில் அப்படிச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சண்டையை முதலிலிருந்து ஓடவிட்டாள். திரையில் ஒருவன் தூணில் மோதினான். இரும்புச் சங்கிலியொன்று ஒருவன் முகத்தைக் கிழித்தது. கீழே கிடந்தவனின் விலாவில் பூட்ஸ் கால் ஏழு முறை இறங்கியது. நூற்று நாற்பதாவது அடியில் கணினி உறைந்தது. அவள் அலுப்போடு நாற்காலியில் சாய்ந்தாள்.

அந்த நிசப்தத்தில் ஓர் அடி விழுந்தது.

தன் ஒலிபெருக்கியில்தான் ஏதோ மிச்சம் வந்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். ஒரு விநாடிக்குள் அது இல்லையென்று அவள் காது சொல்லிவிட்டது. அவள் செய்யும் அடிகளுக்கு மூன்று அடுக்குகள் உண்டு: காற்றைக் கிழிக்கும் ஓசை, சதையின் ஓசை, எலும்பின் ஓசை. இப்போது கேட்டதற்கு அடுக்கே இல்லை. சொதசொதவென்று, கனமாக, சிறியதாக இருந்தது. படத்தில் வைத்தால் கலவைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதன் பின்னால் ஒரு மூச்சு, தொண்டையிலேயே பிடித்துவைக்கப்பட்ட மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. சுவருக்கு அப்பாலும் யாரோ நிசப்தத்தைக் கவனித்து நிறுத்திவிட்டார்கள்.

கணினி உயிர்பெற்றது, நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்திரண்டு. அவள் கை தானாகவே விசைப்பலகைக்குப் போயிற்று. நூற்றைம்பதாவது அடியில் அவளே நிறுத்தினாள்.

சுவருக்கு அப்பால் நூற்றைம்பத்தொன்றாவது அடி விழுந்தது.

அவள் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள். வெளிப்புற இரும்புக் கதவுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரன் வந்து நின்றான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தான். நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"என்னக்கா, மிஷின் நின்னுடுச்சா?"

"அவளைக் கூப்பிடுங்க."

"தூங்கறாளே." அவன் சிரித்தான். "போய் ரிப்பேர் பண்ணுங்கக்கா. இப்படி நின்னு நின்னு போனா யாருக்குமே கஷ்டம்."

அவள் உடனே காவல் நிலையத்துக்குப் பேசினாள். முகவரியைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "அம்மா, இன்னைக்கு முட்டைக்கோசா, பூசணியா?" மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை.

புதன்கிழமை காலை மாடியில் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தாள். துணி உலர்த்த அவளுக்குக் கால் மணி நேரம்தான் அனுமதி. அந்தக் கால் மணி நேரமும் அவன் படிக்கட்டில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பான். கடைக்குப் போகும்போது இரும்புக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவான். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் பேசினார்கள். அவளுடைய கீழுதடு பிளந்திருந்தது.

"நான் இனிமே சத்தமே போடல. போதுமா?" என்றாள் சத்தக்காரி.

"வேண்டாம்க்கா. அது இதைவிட மோசம். சத்தம் இல்லாத நாள்ல வாயில துணியைத் திணிச்சிடுவார். மூச்சு வாங்க முடியாது. உங்க சத்தம் இருந்தா வாயாவது திறந்திருக்கும்." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அது நின்னா அவரும் நிறுத்திடுவார். யாருக்காவது கேட்டுடுமோன்னு அப்படியே நிப்பார். அந்தப் பத்து எண்ணுற நேரத்துலதான் நான் நகர்ந்து சுவரோரம் போய்ப்பேன்."

"எத்தனை நாளா?"

"முன்னாடி இருந்த வீட்டுல அக்கம்பக்கத்துல கதவைத் தட்டினாங்க. உங்களைப் பத்தி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுத்தான் இந்த வீட்டையே பிடிச்சார்."

சத்தக்காரி போர்வையின் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினான்கு மாதங்களாகத் தினந்தோறும் காலையில் அவனுக்கு நேரம் சொல்லிக்கொடுத்தது தன் வாய்தான்.

"போக இடம் இருக்கா?"

"எங்க அக்கா இருக்காங்க. பஸ்ல நாலு மணி நேரம். ஆனா பூட்டு..."

"துணிமணியை ஒரு பையில எடுத்து வை. வெள்ளிக்கிழமை காலைல, பதினோரு மணி. இனி அவருக்கு மறைப்பா சத்தம் போட எனக்குக் கை வராதும்மா; ரெண்டு நாள் பொறுத்துக்கோ, அதுவரைக்கும் நான் துண்டைத் தொடமாட்டேன். அவர் கேட்டா, மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன்னு சொல்லிடறேன்."

படிக்கட்டிலிருந்து அவன் செருமும் ஒலி கேட்டது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு இரும்புக் கதவைப் பார்த்துவிட்டு வந்தான்.

"பூட்டு பெருசு. அதை விட்டுடலாம். கொண்டி நாலு திருகாணியில நிக்குது, துரு பிடிச்சிருக்கு. உளி வெச்சுச் சுத்தியலால அடிச்சாத்தான் வரும். நாலு மாடிக்கும் கேக்குமே, அக்கா. கீழ இருக்கற காவலாளிக்கு அவன்தான் சும்மா மாத்திரை கொடுக்கறான். உடனே சொல்லிடுவான்."

"கேக்கட்டும். என் வீட்டுச் சத்தம்னு நினைப்பாங்க. எட்டு நிமிஷச் சண்டையை முழுச் சத்தத்துல விடறேன்."

"நடுவுல உன் தாத்தா நின்னுட்டார்னா? நான் சுத்தியலை ஓங்கிட்டு நிப்பேன், ஊரே அமைதியா இருக்கும்."

இருவரும் மேசையின்மேல் மூடியிருந்த கணினியைப் பார்த்தார்கள். ஒரு வாரமாக அவள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த கேள்விக்கு அப்போது ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நிக்காம பண்ணு" என்றாள்.

வியாழக்கிழமை முழுதும் அவன் அவள் வீட்டிலேயே இருந்தான். பழைய வட்டைக் கழற்றி, அதிலிருந்த அனைத்தையும் புதியதற்கு மாற்றி, ரேமையும் இரு மடங்காக்கினான். மாலையில் தொண்ணூறு வரிசைகளையும் ஒன்றாக ஏற்றி, சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு ஓடவிட்டார்கள். எட்டு நிமிடமும் ஒரு திணறல் இல்லை. விசிறி மூச்சுக்கூட விடவில்லை. "பாத்தியா? மாடு!" என்றான் தம்பி. அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மருந்துக்கடைக்காரன் கதவருகே நின்றான்.

"மிஷின் ரெடியாக்கா? ரெண்டு நாளா ரொம்ப அமைதியா இருக்கே."

"ஆயிடுச்சு சார். இன்னைக்கு நாலு மணிக்கு."

"நிக்காதே?"

"நிக்காது."

"அப்பாடா" என்றான் அவன்.

பதினோரு மணிக்கு அவள் கதவை விரியத் திறந்துவைத்து, ஒலிபெருக்கிகளை உச்சத்துக்கு உயர்த்தி, சண்டையைத் தொடங்கினாள். மாடி அதிர்ந்தது. தம்பி உளியைக் கொண்டியின்கீழ் வைத்து, திரையில் விழும் அடிகளோடு சேர்த்துச் சுத்தியலை இறக்கினான். உள்ளே அந்தப் பெண் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதல் திருகாணி தெறித்தது, இரண்டாவது தெறித்தது. இரண்டாம் மாடியில் வழக்கம்போலத் தொலைக்காட்சியின் சத்தம் உயர்ந்தது. எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது.

அவள் அறியாதது ஒன்று இருந்தது. சொன்ன நேரத்துக்கு மாறாகச் சத்தம் தொடங்கினால் தனக்குத் தெரிவிக்கும்படி மருந்துக்கடைக்காரன் காவலாளியிடம் என்றோ சொல்லிவைத்திருந்தான். மனைவிக்குத் தலைவலி வரும் என்று காரணமும் சொல்லியிருந்தான். காவலாளி அதை ஓர் உதவியாகவே செய்தான்.

நான்காவது திருகாணி கழன்று கதவு திறந்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பெண் வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்போது படிக்கட்டின் திருப்பத்தில் அவன் தலை தெரிந்தது. கையில், கடையின் இரும்புத் திரையை இழுத்துவிடும் கொக்கிக் கம்பி இருந்தது.

முதல் அடி தம்பியின் தலையில் பக்கவாட்டில் விழுந்தது. தம்பி உளியைக் கையில் பிடித்தபடியே மண்டியிட்டு, சுவரில் இரத்தத்தை இழுத்துக்கொண்டு சரிந்தான். இரண்டாவது அடி தம்பியின் முதுகில். பிறகு கம்பியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, மனைவியின் தலைமயிரை வலக்கையில் சுற்றிப் பிடித்து, அவள் நெற்றியை இரும்புக் கதவில் மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை. அவள் வாயை இறுக மூடிக்கொண்டே அடிபட்டாள். அப்படித்தான் அவள் பழகியிருந்தாள்.

"காப்பாத்துங்க! யாராவது வாங்க!" என்று சத்தக்காரி கத்தினாள். அவளுடைய குரலின் மேல் கிடங்குக்குள் பதினான்கு பேர் அலறினார்கள். கதவு ஒன்றும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? இந்தக் கட்டடத்தைச் செவிடாக்கியவள் அவளே அல்லவா? அவள் பாய்ந்து அவன் கையைப் பற்றினாள். மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். அவன் மயிரை விட்டான். கம்பியை ஓங்கி அவள் தோளில் இறக்கினான். தோளெலும்பு முறியும் ஓசையை அவள் தன் உடம்புக்குள்ளிருந்தே கேட்டாள். அது முள்ளங்கியைப் போலவே இல்லை.

ஐந்தாம் நிமிடம். சங்கிலி முகத்தைக் கிழிக்கும் இடம். பழைய கணினி எப்போதும் இங்கே, நூற்று நாற்பதாவது அடியைத் தாண்டுமுன், நின்றிருக்கும். நில், நில் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. நூற்று நாற்பத்தைந்து. நூற்று அறுபது. புதிய வட்டும் புதிய ரேமும் ஒரு கண்ணிமைப்பொழுதும் பிசகாமல் உழைத்துக்கொண்டிருந்தன. அவளே கேட்டு வாங்கிய உழைப்பு.

அவள் தன் வாசலுக்குள் உருண்டாள். உள்ளறைக்குப் பத்தடி. முறிந்த கை தரையில் இழுபட, மறு கையாலும் முழங்காலாலும் ஊர்ந்தாள். பின்னால் அவன் வந்தான். கொக்கி அவள் புடவையில் மாட்டி இழுத்தது, துணி கிழிந்தது. முதுகில் ஓர் அடி விழுந்து மூச்சு நின்றது. மேசை தொலைவில் இருந்தது. விசைப்பலகைக்குக் கை எட்டாது என்று தெரிந்துவிட்டது. உள்ளறை வாசலையொட்டித் தரையில் மின்சாரப் பலகை கிடந்தது. இரண்டு ஒலிபெருக்கிகளின் கம்பிகளும் அதில்தான் செருகியிருந்தன. அவள் அந்தக் கம்பிகளை ஒரே பிடியாகப் பிடித்து, தன் முழு எடையோடும் புரண்டாள்.

சண்டை ஓசையற்றுப் போயிற்று. திரையில் மட்டும் நாயகன் ஊமையாக அடித்துக்கொண்டிருந்தான்.

தலைக்குமேல் ஓங்கிய கம்பியோடு மருந்துக்கடைக்காரன் அசையாமல் நின்றான். கோபம் தணிந்து நின்றவன் அல்லன்; பழக்கத்தால் நின்றவன். நிசப்தம் வந்ததும் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதற்குப் பதினான்கு மாதங்களாக அவன் கையும் காலும் பழகியிருந்தன. சத்தம் திரும்ப வருவதற்காக அவன் காத்திருந்தான்.

அந்தப் பெண்ணுக்கும் அந்த இடைவெளி பழக்கந்தான். ஆனால் இந்த முறை அவள் சுவரோரம் நகரவில்லை. வாசலில் நின்று வாயைத் திறந்தாள்.

இருபத்து நான்கு ஆண்டுகளில் சத்தக்காரி அப்படியோர் ஓசையைக் கேட்டதில்லை. எந்தப் படத்திலும் யாரும் வைக்க மாட்டார்கள். அதில் வார்த்தை இல்லை. மேல்மாடிக்குப் போயிற்று; கீழே தெருவுக்கும் போயிற்று. அது முடியுமுன்பே இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. பிறகு மேலே இரண்டு. யாரோ, "இது அவங்க வேலை இல்லடா!" என்று கத்திக்கொண்டு படியேறினார்கள்.

அவன் திரும்பி வாசலுக்கு ஓடிவந்தான். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் குறுக்கே விழுந்து அவன் கால்களைக் கட்டிக்கொண்டான். அவன் தம்பியின் முகத்தில் உதைத்தான், பல்லொன்று தரையில் ஓடிற்று, தம்பி பிடியை விடவில்லை. அதற்குள் மேல்மாடி ஓட்டுநரும் இரண்டாம் மாடிக் கொத்தனாரும் இன்னும் இருவரும் வந்துவிட்டார்கள். கம்பியைப் பிடுங்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

"படத்துக்காகத்தான்... அக்காவோட வேலைக்காகத்தான்..." என்று தரையில் அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்த அவன் சொன்னான். கொத்தனார் அவன் வாயில் ஓர் அறை கொடுத்தார். கடைசியாக ஏறிவந்த காவலாளி, சுவரிலிருந்த இரத்தத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிற்பகலில் மருத்துவமனையில் மூவருக்கும் ஒரே அறை கிடைத்தது. தம்பியின் தலையில் பதினோரு தையல். அந்தப் பெண்ணின் நெற்றியில் ஆறு. மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று சரிசெய்யப்படாமலே கூடியிருந்ததை மருத்துவர் கண்டுபிடித்தார். சத்தக்காரியின் தோளைக் கட்டி, கையைக் கழுத்தோடு தூக்கிவிட்டிருந்தார்கள். கலவைக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் முறை அவளே எடுத்து, "வேற ஆளைப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"மாடு மாதிரி உழைக்கும்னு சொன்னேனே" என்றான் தம்பி, வீங்கிய வாயால்.

"பேசாம படுடா."

"நீதானக்கா நிக்காம பண்ணச் சொன்னே."

"நான்தான் சொன்னேன். யார் இல்லேன்னாங்க?"

வாக்குமூலம் எழுத வந்த காவல் அதிகாரிக்கு அவளைப் பார்த்ததும் தலை குனிந்தது. செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சிரித்த குரல் அவருடையதுதான். காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, அவன் வக்கீல் கேப்பார். அந்தச் சத்தத்துல எது படம், எது அவன் அடிச்சதுன்னு எப்படிச் சொல்றதுன்னு. உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"எழுதிக்குங்க" என்றாள் சத்தக்காரி. "என் தம்பிக்குத் தலையில ஒண்ணு, முதுகுல ஒண்ணு, முகத்துல உதை ஒண்ணு. இவளைக் கதவுல மோதினது ரெண்டு. எனக்குத் தோள்ல ஒண்ணு, முதுகுல ஒண்ணு. இது ஏழும் அவனுது. மத்ததெல்லாம் என்னுது."

அவர் எழுதினார். பிறகு பக்கத்துக் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எப்போ ஆரம்பிச்சது?"

அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அதிகாரி காதைக் கொடுத்துக் குனிந்தார். சத்தக்காரி அவரைக் கையமர்த்தினாள்.

"குனியாதீங்க சார், நிமிந்து உக்காருங்க. அவளே சத்தமா சொல்லுவா."

அந்தப் பெண் தலையணையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி நேராக அமர்ந்தாள். கல்யாணமான ஒன்பதாம் நாளிலிருந்து தொடங்கினாள். அறையின் கடைசிக் கட்டில்வரை படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நடையில் போய்க்கொண்டிருந்த செவிலி கதவைத் திறந்து, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். அறை முழுதும் அமைதியாயிற்று.

அவள் நிறுத்தவில்லை.